செரோடோனின் கதை பொய்யென்றால் இந்த மாத்திரை என்ன செய்கிறது?

வாசகர் கேள்வி, 16 ஜூன் 2024

மூளையில் செரோடோனின் என்ற ரசாயனம் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு ஆதாரமே இல்லை என்று லண்டன் ஆய்வாளர்கள் 2022இல் சொல்லிவிட்டார்களாம். நான் மூன்று வருடமாக எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுக்கிறேன். "சுகர்காரருக்கு இன்சுலின் மாதிரி உங்களுக்கு இது" என்று சொல்லித்தான் டாக்டர் ஆரம்பித்து வைத்தார். அப்படியானால் ஏமாந்துவிட்டேனா? இன்றோடு நிறுத்திவிடவா?

16 ஜூன், இரவு

இன்றோடு நிறுத்தாதீர்கள். மற்றதை நாளை எழுதுகிறேன்.

17 ஜூன்

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 2004 முதல் 2013 வரை எம்.ஆர்., அதாவது டாக்டர்களிடம் மருந்து கம்பெனியின் மாத்திரையை எடுத்துச் சொல்லும் விற்பனைப் பிரதிநிதி. திருச்சி தலைமையிடம், துறையூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் என் ஏரியா. கம்பெனி பெயர் வேண்டாம். பையில் இருந்த விசுவல் எய்டின் (டாக்டருக்குக் காட்டும் படப் புத்தகம்) நான்காம் பக்கத்தில் இரண்டு நரம்பு செல்கள் எதிரெதிரே நிற்கும். இடது பக்கப் படத்தில் நடுவே செரோடோனின் என்று மூன்று மஞ்சள் உருண்டை, வலது பக்கத்தில் பன்னிரண்டு. "சார், இது டிப்ரஷன் பேஷன்ட், இது நம்ம மாத்திரை எடுத்த பிறகு." டாக்டருக்கு நாற்பது நொடி, எனக்கு ஒரு மூச்சு. ஒன்பது வருடத்தில் அந்த உருண்டைகளை எத்தனை ஆயிரம் முறை காட்டியிருப்பேனோ. மூன்று என்று எண்ணிச் சொன்னது யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

2016இல் எனக்கே வந்தது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு; சட்டை பட்டன் போடக் கால் மணி நேரம். குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று என்னைக் கேட்பதை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். எஸ்சிடலோபிராம் 10 மி.கி. ஆரம்பித்து ஐந்தாவது வாரம் தூக்கம் வந்தது, பிறகு பசி. இன்றும் அதே 10.

ஆக, கதையை விற்றவனும் நான், மாத்திரையால் எழுந்தவனும் நான். கதை பொய். மாத்திரை பொய் இல்லை. 2019இல் ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன், பத்தே நாளில் பழைய நிலை திரும்பி வந்துவிட்டது. எனக்கு அந்த ஒரு சாட்சி போதும்.

17 ஜூன், பின்குறிப்பு

அந்த லண்டன் கட்டுரையைப் "புது ஆய்வு" என்று பலர் எழுதுகிறீர்கள். யாருடைய மண்டையையும் புதிதாகத் திறந்து பார்த்த ஆய்வு இல்லை அது. ஜோனா மான்கிரீஃப், மார்க் ஹோரோவிட்ஸ் முதலானோர் ஏற்கெனவே வந்த ஆய்வுத் தொகுப்புகளைத் தொகுத்த தொகுப்பு. 17 ஆய்வுகள் உள்ளே. வெளியானது 2022 ஜூலை. ரத்தம், தண்டுவட நீர், ஏற்பிகள், மரபணு என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் "குறைவு" நிலையாகத் தென்படவில்லை என்றார்கள். மாத்திரை வேலை செய்கிறதா என்ற கேள்வியை அந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளவே இல்லை. பத்திரிகைத் தலைப்புகள் எடுத்துக்கொண்டன.

19 ஜூன்

இன்சுலின் உவமைக்கு வருகிறேன். தலைவலிக்குத் தைலம் தடவுகிறோம், விடுகிறது. தலையில் தைலம் குறைந்ததாலா தலை வலித்தது?

மதுரை நண்பர் இதையே திருப்பிப் போட்டார்: கல்யாண வீட்டில் கூச்சம் போக இரண்டு கட்டிங் போடுகிறவனுக்கு உடம்பில் சாராயக் குறைபாடா என்று. சிரித்தேன். சிரித்த பிறகு உறுத்தியது. மான்கிரீஃப் சொல்வது கிட்டத்தட்ட இதைத்தான்: மாத்திரை ஒரு கோளாறைச் சரி செய்வதில்லை, தானே ஒரு மாறுபட்ட நிலையை உண்டாக்குகிறது, அது சிலருக்குச் சௌகரியமாக இருக்கிறது. என் தைல உவமை மாத்திரைக்கு ஆதரவு என்று நினைத்து எழுதினேன். அது இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போடுகிறது.

20 ஜூன்

இந்தக் கதை எங்கிருந்து கிளம்பியது என்று நர்ஸ் தங்கை கேட்டிருந்தார். பாதி நம் ஊர்க் கதை. சர்ப்பகந்தா வேர். 1931இலேயே கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அதைச் சித்தக் கலக்கத்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் கொடுக்கலாம் என்று எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் வெள்ளைக்காரன் திரும்பிப் பார்த்தான். 1952இல் சீபா கம்பெனி அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தது. ரெசர்பின் நரம்பு செல்களில் செரோடோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்களின் சேமிப்பைக் காலி செய்யும். பிரஷருக்கு அதைச் சாப்பிட்ட சிலர் சோர்ந்து போனார்கள்.

மறுபக்கம் அதே 1952இல் நியூயார்க்கில், ஸ்டேட்டன் தீவின் சீவியூ மருத்துவமனையில் டி.பி.க்குக் கொடுத்த இப்ரோனியாசிட் நோயாளிகளை வார்டில் ஆட வைத்தது. அது அந்த ரசாயனங்களைக் கூட்டும் மருந்து. காலி செய்தால் சோர்வு, கூட்டினால் உற்சாகம். கணக்கு சுலபமாக முடிந்துவிட்டது. 1965இல் ஷில்ட்கிராட் என்ற ஆய்வாளர் குறைவது நார்அட்ரினலின் என்றார், 1967இல் காப்பன் என்பவர் செரோடோனின் என்றார். 1987 கடைசியில் செரோடோனினைக் குறிவைத்த ஃபுளூவாக்செட்டின் மாத்திரைக்கு அமெரிக்க அனுமதி. அப்புறம் நான், விசுவல் எய்டோடு.

21 ஜூன்

திருத்தம். நேற்று நானும் ஒரு விசுவல் எய்ட் காட்டியிருக்கிறேன். 1955இல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் டேவிஸ், ஷெப்பர்ட் இருவரும் பதற்றமும் சோர்வும் உள்ள நோயாளிகளுக்கே ரெசர்பின் கொடுத்து, உள்ளே மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரெசர்பின் எடுத்தவர்களுக்குத் தேவலையானது! சேமிப்பைக் காலி செய்யும் மருந்து சோர்வைக் குறைத்திருக்கிறது. லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை அது. கதைக்குப் பொருந்தாததால் யாரும் அதைத் தூக்கிச் சுமக்கவில்லை.

இன்னொரு இடறல்: செரோடோனின் அளவில் மாத்திரை கை வைப்பது சில மணி நேரத்திலேயே. மனசு தெளிய எனக்கு ஐந்து வாரம் ஆனது. குறைவை நிரப்புவதுதான் வேலை என்றால் நடுவில் அந்த ஐந்து வாரம் எதற்கு? நரம்பு இணைப்புகள் புதிதாக வளைந்துகொடுக்க நேரம் பிடிக்கிறது என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். ஹெல்சிங்கி குழு ஒன்று 2021இல், இந்த மருந்துகள் நரம்பு வளர்ச்சி ஏற்பி ஒன்றில் நேராகவே ஒட்டுகின்றன என்று காட்டியது. நல்ல யோசனைதான். இதற்கும் ஒருநாள் மஞ்சள் உருண்டை வரைந்துவிடுவார்கள் என்றுதான் பயம்.

21 ஜூன், இரவு

"செரோடோனின் 90 சதவீதம் குடலில்தானே இருக்கிறது, அப்போ சந்தோஷம் வயிற்றிலா?" என்று கேட்டவருக்கு: திருச்சியில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டவரிடம் கேளுங்கள்.

23 ஜூன்

"நல்ல டாக்டர் யாரும் அந்தக் கதையை நம்பியதே இல்லை, அது ஜனங்களிடம் புழங்கிய கட்டுக்கதை" என்று ஒரு மருத்துவர் இங்கே வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உண்மைதான் சார், லகாஸ், லியோ என்ற இருவர் 2005இலேயே விளம்பரம் ஒன்று சொல்கிறது, ஆராய்ச்சி வேறு சொல்கிறது என்று எடுத்துக்காட்டினார்கள். அந்த வருடம் நான் வேலையில் சேர்ந்து ஒரு வருடம். தினம் எட்டு டாக்டரைப் பார்ப்பேன். "தம்பி, இது கட்டுக்கதை, மடக்கி வை" என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. இரண்டு பேர் அந்தப் படத்தைப் பேஷன்ட்டுக்குக் காட்டக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

சரி, அவர்கள் மேல் மட்டும் என்ன குற்றம். "உனக்கு மனசு பலவீனம்" என்று மாமியார் சொல்லும் வீட்டில், "ரசாயனக் கோளாறு" என்ற சொல் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய குடை என்று எனக்குத் தெரியும். அந்தப் பொய்யால் நல்லதும் நடந்தது. இதை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

26 ஜூன்

இனி மாத்திரை வேலை செய்கிறதா என்பது. 2018இல் சிப்ரியானி குழு லான்செட்டில் போட்டது: 522 சோதனைகள், 1,16,477 பேர், 21 மருந்துகள். இருபத்தொன்றும் போலி மாத்திரையை முந்தின. பட்டியலில் மேலே நின்றது எது தெரியுமா? அமிட்ரிப்டிலின். அரசு ஆஸ்பத்திரியில் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் மலிவு மாத்திரை. "அது பழசு சார், மயக்கம், வாய் வறட்சி" என்று நாங்கள் ஓட்டி ஓட்டிப் பின்னுக்குத் தள்ளியது. வாய் வறட்சி நிஜம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முந்தின, ஆனால் எவ்வளவு? 2008இல் கிர்ஷ் என்ற உளவியலாளர் அமெரிக்க மருந்துத் துறையிடம் இருந்த 35 சோதனைகளை எடுத்துக் கணக்குப் போட்டார். மனச்சோர்வை அளக்கும் ஹாமில்டன் அளவுகோலில் வித்தியாசம் 1.8 புள்ளி. அந்த அளவுகோல் மொத்தம் 52. தூக்கம் பற்றிய மூன்று கேள்விக்கு மட்டுமே 6 புள்ளி. அதாவது ஒரு மாத்திரை தூங்க மட்டும் வைத்தாலும் சராசரியில் ஜெயித்துவிடலாம்.

இதைப் படித்த அன்று மனசு சரியில்லை. என் முதல் மாற்றமே தூக்கம்தானே என்று தோன்றியது. ஆனால் தூங்கிய மறுநாள்தான் சட்டை பட்டனைப் போட்டேன். மூன்று மணி விழிப்பை அனுபவிக்காதவர்கள்தான் "தூக்கம் மட்டும்" என்று எழுதுவார்கள்.

27 ஜூன்

சராசரி என்பதே ஒரு மாதிரி. பத்துப் பேரில் இரண்டு பேருக்கு வெளிச்சம், ஆறு பேருக்கு ஒன்றுமில்லை, இரண்டு பேருக்கு வயிற்றுப் போக்கு என்றாலும் சராசரி சின்னதாகத்தான் வரும். (இந்த எண்கள் சும்மா, யாரும் எடுத்து ஒட்ட வேண்டாம்.)

ஸ்டார்-டி பற்றியும் கேட்டார்கள். 4,041 பேரோடு தொடங்கிய அமெரிக்க அரசு ஆய்வு. ஒன்று மாற்றி ஒன்றாக நான்கு படி முயன்றால் 67 சதவீதம் பேர் குணமாவார்கள் என்று 2006இல் அறிவித்தார்கள். எங்கள் மீட்டிங்கில் இந்த எண்ணுக்குக் கைதட்டியிருக்கிறோம். யாரும் நடுவில் விலகவில்லை என்று பாவித்துப் போட்ட கணக்கு அது. 2023இல் பிகாட் குழு மூலத் தரவை எடுத்து, முதலில் எழுதி வைத்த விதிப்படியே போட்டுப் பார்த்ததில் சுமார் 35 என்று வந்தது. கைதட்டலைத் திரும்ப வாங்க முடியாது.

2 ஜூலை

இது வேறு விஷயம், ஆனால் விட மனமில்லை. கேம்பிரிட்ஜ், கோபன்ஹேகன் ஆட்கள் 2023இல் நோயே இல்லாத 66 பேருக்கு மூன்று வாரமாவது எஸ்சிடலோபிராமோ போலி மாத்திரையோ கொடுத்து விளையாட வைத்தார்கள். மாத்திரைக்காரர்கள், பரிசு வந்தால் அதிலிருந்து கற்றுக்கொள்வதில் மந்தமாக இருந்தார்கள். சந்தோஷத்தின் நுனி மழுங்குகிறது.

அக்கா மகள் கல்யாணத்தில், தாரை வார்க்கும்போது மண்டபமே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நான் தாய்மாமன். என் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. எனக்குக் கண் காய்ந்து கிடந்தது. சமையல்காரருக்குப் பாக்கி எவ்வளவு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "மாமாவுக்கு மனசு கல்லு" என்று வீடியோவில் யாரோ சொல்வது பதிவாகியிருக்கிறது.

5 ஜூலை

முக்கியமான திருத்தம். 2019இல் நிறுத்திப் பார்த்தது பற்றி 17 ஜூன் எழுதியதை வாபஸ் வாங்க வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

போன மாதம் லான்செட் சைக்கியாட்ரியில் ஹென்ஸ்லர் குழுவின் கட்டுரை. 79 ஆய்வுகள், 21,002 பேர். மாத்திரையை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஏதாவது அறிகுறி. போலி மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேருக்கு. கழித்துப் பார்த்தால் ஆறேழு பேரில் ஒருவருக்கு நிஜமாகவே நிறுத்தல் தொல்லை, கடுமையானது 35 பேரில் ஒருவருக்கு. இதில் பெரும்பாலும் கொஞ்ச காலமே எடுத்தவர்கள் என்றும், வருடக்கணக்காக எடுக்கிற நம்மைப் போன்றவர்கள் குறைவு என்றும் ஆட்சேபம் உண்டு.

அறிகுறிப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு வரியில் கை நின்றது. தலைக்குள் மின்சாரம் அடிப்பது போன்ற சுளீர். எழுந்து போய்ப் பரண் மேலிருந்து 2019 டைரியை எடுத்தேன். எம்.ஆர். வேலை போனாலும் தினம் டைரி எழுதும் புத்தி மட்டும் போகவில்லை. இப்போது மருந்து மொத்தக் கடை ஒன்றில் கணக்கும் வசூலும் பார்க்கிறேன். அப்படியே தருகிறேன்:

மார்ச் 4: இன்று முதல் மாத்திரை இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.
மார்ச் 7: பெரம்பலூர் வசூல். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினால் உள்ளே சுள் சுள். கண் அசைந்தாலே வருகிறது. இரண்டு கடை பாக்கி.
மார்ச் 9: கெட்ட கனவு. பையனை அடித்துவிட்டேன்.
மார்ச் 13: போதும். மாத்திரை போட்டேன்.
மார்ச் 15: சுள் இல்லை. நார்மல். அரியலூர் 18,400 வசூல்.

பாருங்கள். எஸ்சிடலோபிராம் உடம்பில் பாதியாகக் குறையச் சுமார் 30 மணி நேரம். மூன்றாவது நாள் பெரும்பகுதி காலி. மூன்றாவது நாள்தான் சுள் ஆரம்பம். திரும்பப் போட்டதும் இரண்டே நாளில் சரி. 2016இல் எனக்கு எழுந்திருக்க ஐந்து வாரம் ஆனது. திரும்பி வந்தது பழைய நோய் என்றால் இரண்டு நாளில் எப்படிச் சரியாகும்? சட்டை பட்டன் பற்றி அந்தப் பத்து நாளில் ஒரு வரி இல்லை.

அது நோய் திரும்பியது இல்லை. திடீரென்று நிறுத்தியதன் உதறல். ஐந்து வருடமாக இதைத்தான் "எனக்கு மாத்திரை வேண்டும் என்பதற்குச் சாட்சி" என்று மனைவியிடமும் டாக்டரிடமும் உங்களிடமும் சொல்லிவந்திருக்கிறேன்.

பையனிடம் அன்று மன்னிப்புக் கேட்டேனா என்று டைரியில் இல்லை.

6 ஜூலை

"அப்படியானால் மாத்திரை தேவையே இல்லையே!" என்று உடனே மூன்று பேர். மெல்ல. ஆன்ட்லர் என்று ஓர் இங்கிலாந்துச் சோதனை, 2021. நீண்ட காலம் எடுத்து, இப்போது நன்றாக இருப்பதாகச் சொன்ன 478 பேர். பாதிப் பேருக்கு மெதுவாகக் குறைத்து நிறுத்தினார்கள், பாதிப் பேருக்குத் தொடர்ந்தார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு வருடத்தில் நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 39. இதைப் படித்துப் பயப்படுகிறவர் பயப்படலாம். நிறுத்தியும் 44 சதவீதம் பேர் நன்றாக இருந்தார்கள் என்று படிக்கிறவர் அப்படியும் படிக்கலாம். நான் காலையில் ஒரு மாதிரியும் இரவில் ஒரு மாதிரியும் படிக்கிறேன்.

14 ஜூலை

உடற்பயிற்சி, பேச்சு வழி சிகிச்சை எல்லாம் எங்கே என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. கோவாவில் நடந்து 2017இல் வெளியான சோதனை எனக்கு மிகப் பிடித்தது. மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறிலிருந்து எட்டு அமர்வு பேச வைத்தார்கள். 495 பேர். மூன்று மாதத்தில் குணம் கண்டவர்கள் 64 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற மற்ற அணியில் 39. பெரிய தத்துவம் பேசவில்லை. நாளைக்கு என்ன ஒரு வேலை செய்யப் போகிறாய் என்பதைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள்.

2024இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த தொகுப்பில் 218 உடற்பயிற்சிச் சோதனைகள். நடை, ஓட்டம், யோகா எல்லாம் பயன் தந்தன. நடனம் இன்னும் அதிகம், ஆனால் அதில் சோதனைகள் கொஞ்சம்தான். நான் ஆடினால் எனக்குக் குறையும், பார்க்கிற மனைவிக்கு வந்துவிடும்.

3 ஆகஸ்ட்

டாக்டரிடம் டைரியையே எடுத்துக்கொண்டு போனேன். அவர் கோபிக்கவில்லை. மார்ச் 7 வரியை இரண்டு முறை படித்தார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். உங்களிடம் மறைத்துவிட்டு நிறுத்தியதை எப்படி டாக்டர் சொல்வது என்றேன். இருவரும் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தோம்.

மெதுவாகக் குறைக்கலாம் என்று முடிவு. ஹோரோவிட்ஸும் டெய்லரும் 2019இல் எழுதிய கணக்கை அவரே வரைந்து காட்டினார். சிடலோபிராம் 20 மி.கி. எடுத்தால் செரோடோனின் திரும்ப உறிஞ்சும் வாயில்களில் சுமார் 80 சதவீதம் அடைபடும். 60 மி.கி. ஆக்கினாலும் 88ஐத் தாண்டாது. ஆனால் ஐந்து மி.கி. சொச்சத்திலேயே 60 சதவீதம் அடைபட்டிருக்கும். மேலே இருந்து பாதி குறைப்பது சின்னப் படி. கீழே வர வர ஒவ்வொரு துணுக்கும் பெரிய பள்ளம். 10, 5, பூஜ்யம் என்று இறங்குகிறவன் கடைசிப் படியில் இடறுவது இதனால்தான்.

(சிடலோபிராம் நம் எஸ்சிடலோபிராமின் அண்ணன். மூலக்கூறின் இரண்டு கைகளில் ஒன்றை மட்டும் பிரித்து, காப்புரிமை முடிகிற நேரம் பார்த்துத் தம்பியாக இறக்கினார்கள். வியாபாரம் தெரிந்த குடும்பம்.)

11 ஆகஸ்ட்

எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருளை வைத்துச் செய்யும் மனநலச் சிகிச்சையை அமெரிக்க மருந்துத் துறை திருப்பி அனுப்பிவிட்டது, இது பற்றி என்ன என்று கேட்கிறீர்கள். முக்கியமான ஆட்சேபம் சுவாரசியமானது: எடுத்தவருக்குத் தான் எடுத்தது நிஜ மருந்தா போலியா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், பிறகு என்ன ஒப்பீடு. வாய் வறண்டாலே கண்டுபிடித்துவிடுகிற எங்கள் மாத்திரைகளுக்கும் இந்தக் கேள்வி கொஞ்சம் ஒட்டும்.

12 ஆகஸ்ட்

பத்து நிமிடம் என்றது மிகை. கொஞ்சம் தாமதமாகும் என்று திருத்துகிறார்கள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

29 செப்டம்பர்

7.5இல் இருக்கிறேன். ஒரு 5, ஒரு 5இல் பாதி. வெங்காயம் நறுக்கும் கத்தியில் வெட்டினால் பொடியாகிறது. பழைய ஷேவிங் பிளேடு தேவலை. முதல் வாரம் இரண்டு முறை சுள். அதன்பின் இல்லை.

இந்த வாரம் மனச்சிதைவுக்கு அமெரிக்காவில் புது மருந்து அனுமதி: சனோமெலினும் டிராஸ்பியமும் சேர்ந்தது. எழுபது வருடமாக டோபமைன் என்ற இன்னொரு மூளை ரசாயனத்தை அடைப்பதே வழி என்றிருந்த இடத்தில் வேறு கதவு. சனோமெலின் 1990களில் அல்சைமருக்கு முயன்று, வாந்தியும் பேதியும் தாங்காமல் மூலையில் போட்டது. அதனுடன் மூத்திரப் பை மாத்திரையான டிராஸ்பியத்தைச் சேர்த்தார்கள். அது மூளைக்குள் அவ்வளவாகப் போகாது, வெளியே நின்று வயிற்றை மட்டும் அடக்கும். வாட்ச்மேன் போல. விசுவல் எய்ட் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் மனசுக்குள் வரைந்து பார்த்தேன். பழக்கதோஷம்.

20 அக்டோபர்

இன்று முதல் 5.

28 அக்டோபர்

"எரிஞ்சு விழுறீங்க" என்கிறாள் மனைவி. உதறலா, நோயா, தீபாவளி போனஸ் வராததா? மூன்றுக்கும் அறிகுறி ஒன்றுதான். டாக்டர் இன்னும் நான்கு வாரம் இதிலேயே இருங்கள், கீழே போக வேண்டாம் என்றார். 5இலேயே நின்றுவிடலாம், அதில் தோல்வி ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் கொஞ்சம் லேசாக இருந்தது.

12 நவம்பர்

கேள்வி கேட்டவர் ஜூனுக்குப் பிறகு வரவே இல்லை. நிறுத்தினீர்களா, டாக்டரைப் பார்த்தீர்களா, ஒரு வரி போடுங்கள்.

நான் இன்று பெரம்பலூர் போனேன். அதே வசூல், அதே கடைகள். 5க்கு வந்து 23 நாள். பாடாலூர் தாண்டியதும் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நாலைந்து தடவை. பக்கத்து சீட்டு அம்மா, "கழுத்து சுளுக்கா தம்பி?" என்று கேட்டார்.